ஏழாம் பிரிவின்படி பேசாதவர்கள்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

"அன்புள்ள" என்று போடவில்லை. மறதியால் அல்ல.

நேற்றுக் காலை நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து என் கடையைப் பூட்டினார்கள். பூட்டுக் கடைக்குப் பூட்டு. அவர்கள் கொண்டுவந்த பூட்டு கவ்வவில்லை. "நல்லதா ஒண்ணு குடுங்கம்மா" என்று என்னிடமே கேட்டார்கள். கொடுத்தேன், ரசீதும் எழுதினேன். உன் அக்கா சாவி செய்து திறந்துவிடக்கூடிய பூட்டைக் கொண்டே உன் அக்காவின் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறது அரசாங்கம்.

எதற்கு என்று கேட்டேன். ஒரு தாளை நீட்டினார்கள். உறவினர் உரிமத் தடைச் சட்டம். அரசு அதிகாரியின் கூடப் பிறந்தவர்கள் எந்தத் தொழில் உரிமமும் வைத்திருக்கக் கூடாதாம். அதிகாரியின் செல்வாக்கில் சொந்தக்காரர்கள் சலுகை அடைவதைத் தடுக்கிறார்களாம்.

"உங்க தம்பி சட்டத்துறையிலதானே இருக்காரு?" என்று கேட்டார் மூத்தவர்.

"ஆமா. சட்டம் எழுதுற வேலை."

"அப்ப இதையும் அவரே எழுதியிருப்பாரு" என்று சிரித்தார். அவருக்கு அது நகைச்சுவை.

நான் உரிமம் வாங்கியபோது நீ மூன்றாம் வகுப்பு. எந்நேரமும் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். உன் செல்வாக்கில்தான் வாங்கினேன் என்றால் அது அந்த மூக்கின் செல்வாக்காகத்தான் இருக்க வேண்டும்.

உரிமம் இருக்கும்வரை நான் பூட்டுத் திறப்பவள். அது இல்லாமல் அதே கம்பியை அதே பூட்டுக்குள் விட்டால் திருடி. ஒரே ராத்திரியில் தொழில் மாறிவிட்டது.

ஒரே கேள்வி. நீயா எழுதினாய்? பதில் ஒரு சொல்லில் போதும்.

அக்கா


பிப்ரவரி 16

அக்கா,

ஆம்.

ஆனால் நீ ஏன் எனக்கு எழுதினாய்? சட்டத்தைக் கடைசிவரை படித்தாயா? யாருமே படிப்பதில்லை. அது தெரிந்துதான் நல்லதையெல்லாம் நாங்கள் கடைசியில் வைக்கிறோம்.

ஏழாம் பிரிவைப் பார். "அதிகாரியோடு தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாகப் பேச்சோ, கடிதமோ, வேறு எந்தத் தொடர்போ இல்லாத உறவினருக்கு இத்தடை பொருந்தாது." அமைச்சர் கேட்டது ஆறு பிரிவுகள்தான். ஏழாவதை நான் சேர்த்தேன்.

"இது யாருக்குய்யா உதவும்?" என்றார் மேலதிகாரி.

"கூடப் பிறந்தவங்க பேசிக்காத வீடு நிறைய இருக்கு சார்."

அந்தப் பிரிவை இன்னொரு தடவை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அவர் தன் அண்ணனோடு பேசுவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

என் மனதில் இருந்தது ஒரே ஒரு வீடு. நீ என்னோடு பேச்சை நிறுத்தி இரண்டு ஆண்டுக்கு மேலாகிறது. நகராட்சிக்கு ஒரு மனு போட்டிருந்தால் அந்த வாரமே கடை திறந்திருக்கும். நீ என்னடாவென்றால் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறாய், அதுவும் பதிவுத் தபாலில். தொடர்பு ஏற்பட்டுவிட்டது. இரண்டு ஆண்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

இந்தக் கடிதமும் ஒரு தொடர்புதான். படித்ததும் கிழித்துப் போடு. பதில் எழுதாதே.

தம்பி

பி.கு. முட்டி வலி எப்படி இருக்கிறது? இதற்கும் பதில் எழுதாதே.


பிப்ரவரி 21

தம்பிக்கு,

முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது.

உன் ஏழாம் பிரிவைப் படித்தேன். எனக்காக எழுதினாயாமே, நன்றி. நாம் ஏன் பேசுவதில்லை என்பதையும் அதிலேயே ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அன்றைக்கு, இரண்டு நாளாக நீ போனை எடுக்கவில்லை. உன் மனைவி ஊரில் இல்லை. செத்துக் கிடக்கிறாயோ என்று பயந்து இரண்டு பஸ் மாறி வந்தேன். தட்டினேன், கூப்பிட்டேன். உள்ளே சத்தமே இல்லை. யாரும் கூப்பிடாமல் நான் திறந்த ஒரே பூட்டு அதுதான். திறந்தால் நீ உயிரோடு, இஸ்திரி போட்ட சட்டையோடு, அமைச்சரின் செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். மேசை நிறைய ரகசியக் காகிதம். அவர் என் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவரிடம் சொன்னாய்: "யாருன்னு தெரியல சார். வீடு மாறி வந்துட்டாங்க போல."

மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். திறந்த கதவைத் திரும்பப் பூட்டிவிட்டுத்தான் போனேன். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது.

ஆக, அக்காவைத் தெரியாது என்று தம்பி சொன்னால் அக்காவுக்குப் பரிசு. அதை ஒரு சட்டமாகவே போட்டுவிட்டாய்.

நான் வழக்குப் போடப் போகிறேன். ரொட்டிக் கடை மாடியில் ஒரு பெண் வக்கீல் இருக்கிறாள். மழை வெயில் எதுவானாலும் கையில் குடை இருக்கும். "விலக்கு கேக்காதீங்கம்மா, சட்டத்தையே தூக்கச் சொல்லிக் கேப்போம்" என்கிறாள்.

"சட்டத்து மேலயே கேஸ் போட முடியுமா?"

"அதுக்குன்னே ஒரு கோர்ட் இருக்கு. அங்க கூண்டுல சட்டம்தான் நிக்கும்."

எனக்கு அது பிடித்திருந்தது.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

எழுதாதே என்றேன். வழக்கே போட்டுவிட்டாய். வழக்குக் கட்டு என் மேசைக்குத்தான் வந்தது. மனுதாரர் பெயரைப் படித்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தேன், அதே பெயர்தான்.

உன் குடை வக்கீல் ஆசை காட்டியிருப்பாள். நான் உள்ளதைச் சொல்கிறேன். அரசமைப்பு நீதிமன்றம் ஒரு சட்டம் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதில்லை. முட்டாள்தனமான சட்டம் போட நாடாளுமன்றத்துக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்த அது கூச்சப்பட்டதும் இல்லை. எல்லாச் சட்டத்துக்கும் மேலே அரசமைப்பு இருக்கிறது. கீழே உள்ள சட்டம் அதோடு மோதுகிறதா என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. அதையும் "மோதவில்லை" என்ற நம்பிக்கையோடுதான் தொடங்குவார்கள். மோதுகிறது என்று காட்டுவது உன் பாடு.

பிழைப்பைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அரசமைப்பில் இருக்கிறது. அதில் கை வைத்ததற்கு அரசு நியாயம் சொல்லியாக வேண்டும். பூட்டை வைத்துச் சொன்னால் உனக்குப் புரியும். பூட்டுப் போட உண்மையான காரணம் உண்டா? இந்தப் பூட்டு அந்தத் திருடனைத் தடுக்குமா? இதைவிடச் சின்னப் பூட்டு போதாதா? கடைசியாக, வீட்டுக்காரனையே வெளியே நிறுத்திவிடும் அளவுக்குப் பூட்டு பெரிதா? இந்த நாலில் ஒன்றில் தவறினாலும் சட்டம் செல்லாது. என் சட்டம் முதல் இரண்டில் தேறிவிடும். மூன்றாவதில் எனக்கே நம்பிக்கை இல்லை.

இன்னொன்று. அரசின் பதில் மனுவை என்னையே தயாரிக்கச் சொன்னார்கள்.

"சார், மனுதாரர் எங்க அக்கா."

"அதான் நீங்க பேசறதில்லையே. தொடர்பு இல்லேன்னு ஒரு உறுதிமொழி எழுதிக் குடுத்துடுங்க."

எழுதிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போடும்போது உன் இரண்டு கடிதங்களும் சட்டைப் பையில் இருந்தன. ஏன் கிழிக்கவில்லை என்று கேட்காதே. வெளியே தெரிந்தால் வேலை போகும். நாற்காலியில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அலுவலக வராந்தாவில் நடந்துகொண்டே இருக்கிறேன். உடல்நலத்தில் அக்கறை என்று பாராட்டுகிறார்கள்.

தம்பி


மே 9

தம்பிக்கு,

பூட்டைப் பற்றி எனக்கே பாடமா? சின்னப் பூட்டு, பெரிய பூட்டு என்று ஒன்று கிடையாது. நல்லது, மட்டம், அவ்வளவுதான். நீ எழுதியது மட்டம்.

போன வாரம் எங்கள் கட்டடத்து மூன்றாவது மாடிக்காரி அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குப்பை போட வெளியே வந்திருக்கிறாள். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. என்னிடம் ஓடி வந்தாள். அவள் வீட்டுப் பூட்டு எனக்குத் தெரியும், தும்மி முடிப்பதற்குள் திறந்துவிடலாம். "உரிமம் இல்லம்மா" என்றேன். "ஐயோ, புகை வருதுங்க!" என்றாள். நான் கையை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றேன். தீயணைப்பு வண்டி வந்தது. கோடரியால் கதவைப் பிளந்தார்கள், நிலைச்சட்டமும் போயிற்று. எல்லாம் சட்டப்படி. அவள் இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதிலிருந்து கை ஒரு நிலையில் இல்லை. சோறு பிசையும்போதுகூட விரல்கள் எதையோ திருகுகின்றன. பக்கத்துத் தையல் கடையில் பொத்தான் தைக்கிறேன். தையல்காரர் நல்லவர், பிரித்துத் தைப்பதை எனக்குத் தெரியாமல் செய்கிறார்.

இப்போது விஷயம். உங்கள் அரசு வக்கீல் ஒரு தந்திரம் செய்திருக்கிறார். உன் உறுதிமொழியை நீட்டி, "இருவருக்கும் தொடர்பே இல்லை. ஏழாம் பிரிவில் விலக்கு தருகிறோம், கடையைத் திறந்துகொள்ளட்டும்" என்கிறார். வாங்கிக்கொண்டால் எனக்குப் பாதிப்பு இல்லை. பாதிப்பு இல்லாதவள் வழக்கு நடத்த முடியாது. சட்டத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வழக்கை மூடிவிடுவார்கள். விலக்கை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் நான் போய், தம்பியோடு பேச்சு இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும்.

"உங்க கடை, உங்க முடிவு. ஆனா நீதிபதி உங்களைக் கூப்பிட்டு நேரா கேப்பாங்க" என்கிறாள் குடை.

தொடர்பு உண்டு என்றால் உன் வேலை போகும். இல்லை என்றால் கடை வரும், நீ போவாய். என்ன சொல்லட்டும்?

அக்கா


மே 13

அக்கா,

இல்லை என்று சொல். கடையைத் திற. மூன்றாவது மாடிக்காரிக்கு நல்ல பூட்டாக ஒன்று போட்டுக் கொடு.

எனக்கு எழுதாதே. வருடத்துக்கு ஒரு சத்தியம்தானே. உனக்கு முன்பே நான் ஒன்று செய்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. கை கொஞ்சம் அரிக்கிறது, அவ்வளவுதான்.

விசாரணைக்கு நானும் வர வேண்டியிருக்கிறது. அரசு வக்கீலுக்குப் பின்வரிசையில் உட்காருவேன். என் பக்கம் பார்க்காதே.

தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

உனக்கு மூளை இருக்கிறதா?

நீ சொன்னபடிதானே செய்தேன். தலைமை நீதிபதி உன்னைக் காட்டி, "இவரோடு உங்களுக்குத் தொடர்பு உண்டா?" என்று கேட்டார். பார்க்காதே என்றாய், பார்த்துவிட்டேன். அதே இஸ்திரிச் சட்டை. வாயில் தானாக வந்தது: "யாருன்னு தெரியல ஐயா. வீடு மாறி வந்துட்டாங்க போல." அது உனக்காக மட்டும் சொன்னது. மற்றவர்களுக்கு வெறும் பதில். அதோடு முடிந்திருக்கும். கடையும் பிழைத்திருக்கும், உன் வேலையும் பிழைத்திருக்கும்.

நீ எழுந்து நிற்க வேண்டுமா? "அக்கா, போதும், உட்காரு" என்று ஐந்து நீதிபதிகளுக்கு முன்னால் சொல்ல வேண்டுமா?

"தெரியாது என்கிறாரே, அப்படியானால் நீங்கள் யார்?" என்று அவர் கேட்டபோதாவது வாயை மூடியிருக்கலாம். "இந்தச் சட்டத்தை எழுதினவன் ஐயா. அவங்க தம்பி. நாங்க கடிதம் எழுதிக்கறோம்." அரசு வக்கீல் முகத்தைப் பார்த்தாயா? சொந்த வீட்டிலேயே திருட்டுப் போனவன் மாதிரி இருந்தார்.

"என்ன எழுதிக்கொள்கிறீர்கள்?"

"பெரும்பாலும் திட்டுதாங்க ஐயா."

உன்னை வெளியே கூட்டிப் போனபிறகு நடந்தது உனக்குத் தெரியாது. தொடர்பு உண்டு என்றாகிவிட்டதால் விலக்கு போயிற்று, வழக்கு மேலே நடந்தது. கடைசி நாற்காலியில் இருந்த நீதிபதி அம்மா அதுவரை கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்து அரசு வக்கீலைக் கேட்டார்.

"சலுகையைத் தடுப்பதுதானே நோக்கம்?"

"ஆமாம் அம்மா."

"சொந்தக்காரரின் கோப்பை அந்த அதிகாரி தொடக் கூடாது என்று சொன்னால் போதாதா?"

"போதும்தான், ஆனால்..."

"ஆனால்?"

வக்கீல் தண்ணீர் குடித்தார். உங்கள் துறையில் எல்லாரும் அதைத்தான் செய்கிறீர்கள்.

"இருவரும் பேசவில்லை என்பதை நகராட்சி எப்படிச் சரிபார்க்கும்?" என்று கேட்டார் இன்னொருவர்.

"ஆய்வாளர் வீட்டுக்கே போவார்."

"போய்?"

"பேசறாங்களான்னு... கேட்பார்."

கூடமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ எந்தக் கதவு வழியாகப் போனாய் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னை என்ன செய்தார்கள்? உடனே எழுது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

அக்கா


செப்டம்பர் 18

அக்கா,

வேலை போகவில்லை. போயிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். பொய் உறுதிமொழிக்கு விசாரணை நடக்கிறது. அதுவரை எடையளவு விதிகள் பிரிவில் இருக்கிறேன். தராசுத் தட்டு எவ்வளவு பள்ளமாக இருக்கலாம் என்று எழுதுகிறேன். அதை எதிர்த்து யாரும் வழக்குப் போட மாட்டார்கள் என்று மேலதிகாரி ஆறுதல் சொன்னார். அவர் தன் அண்ணனுக்குப் போன் செய்தாராம். நடுவிலேயே சண்டை வந்துவிட்டதாம். ஆனாலும் முகம் தெளிந்திருந்தது.

தீர்ப்பு உனக்குக் கிடைத்திருக்கும். நான் மூன்று முறை படித்தேன். நாலு பேர் உன் பக்கம், ஒருவர் எதிர்ப்பக்கம். சட்டத்தை மக்கள் பிரதிநிதிகள் திருத்தட்டும், நமக்கென்ன என்று அந்த ஒருவர் எழுதியிருக்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் தொல்லை. மற்ற நாலு பேரும் மூன்றாவது கேள்வியிலேயே பிடித்துவிட்டார்கள். சின்னப் பூட்டு போதுமாம். ஏழாம் பிரிவைப் பற்றி அந்தக் கடைசி நாற்காலி அம்மா ஒரு பத்தி எழுதியிருக்கிறார்: "பிழைப்பு வேண்டுமானால் உறவை விடு என்று குடிமகனிடம் கேட்கும் இந்தப் பிரிவு, அன்பான எண்ணத்தோடு, மிக நேர்த்தியாக எழுதப்பட்ட கொடுமை." நேர்த்தி என்று என் எழுத்தை இதுவரை யாரும் சொன்னதில்லை. வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

கடைசிப் பக்கத்தைப் படித்தாயா? அங்கேதானே நாங்கள் எல்லாவற்றையும் வைப்போம். ஏழாம் பிரிவு உடனடியாகச் செல்லாது. மற்ற ஆறும் செல்லாதவைதான், ஆனால் ஓர் ஆண்டு கழித்து. ஒரே நாளில் சட்டத்தை எடுத்தால் குழப்பம் வருமாம். நாடாளுமன்றம் புதிது எழுத அவகாசமாம். அதுவரை, செல்லாது என்று தீர்ப்பான சட்டம் செல்லும்.

அதாவது நீ ஜெயித்துவிட்டாய். கடை மூடியிருக்கும். முன்பாவது விலக்கு என்று ஒன்று இருந்தது.

நான் ராஜினாமா செய்தால் நான் அதிகாரி இல்லை. நீ நாளையே திறக்கலாம். கடிதம் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். சொல்.

தம்பி


அக்டோபர் 6

அன்புள்ள தம்பிக்கு,

எழுதிவிட்டேன். அடித்தால் தாள் அசிங்கமாகும் என்று விட்டுவிட்டேன்.

ராஜினாமாவை நேற்றே கிழித்துவிட்டாய் என்று நினைக்கிறேன். உன் வீட்டுப் படிக்கட்டில் சொன்னதைத் தாளிலும் சொல்லிவிடுகிறேன். நீ வேலையை விட்டு எனக்குக் கடை கிடைத்தால், தம்பியை விட்டால்தான் கடை என்ற அந்தப் பழைய கதைதான். அதற்கா இத்தனை பேர் கறுப்பு அங்கி போட்டு உட்கார்ந்தார்கள்? ஒரு வருடம்தானே. பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன். தையல்காரர் இப்போது பாதியைத்தான் பிரிக்கிறார்.

நேற்று நீ போன் செய்தபோது உன் குரல் என்று முதலில் நம்பவில்லை. "அக்கா, ஆபீஸ்ல என் பழைய ரூமுக்கு இன்னிக்கு விசாரணைக்காக சீல் வச்சிட்டாங்க. சாமான் எடுக்கப் போனப்ப வச்ச வீட்டுச் சாவி உள்ள டிராயர்ல மாட்டிக்கிச்சு. வெளியில நிக்கறேன்." பழக்கத்தில் பையை எடுத்துக்கொண்டு அதே இரண்டு பஸ் மாறி வந்தேன். வந்து உன் வாசலில் நின்றபிறகுதான் உரிமம் இல்லை என்பது நினைவு வந்தது. உனக்கும் அப்போதுதான் வந்தது. முகத்தில் தெரிந்தது.

"திற அக்கா. நானே அனுமதி தரேன்."

"நீ யாருடா அனுமதி தர? நீ இப்ப எடையளவு."

"யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும். ஜெயிச்சவ நான். நானே மீறினா அந்தக் கண்ணு மூடின அம்மாவுக்கு என்ன மரியாதை?"

இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். சட்டப்படி பேசலாம் என்று ஆனபிறகு பேச்சு வரவில்லை. நீ தராசுத் தட்டைப் பற்றி ஆரம்பித்தாய், கேட்டுக்கொண்டேன். இவ்வளவு சலிப்பான பேச்சை இரண்டு வருடத்துக்கு மேலாக நான் கேட்காமல் இருந்திருக்கிறேன். உன் மனைவி சாவியோடு வருவதற்குள் இருட்டிவிட்டது.

நடுவில் உன் மேல்வீட்டு அம்மா காய்கறிப் பையோடு ஏறி வந்தாரே. என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைப் பார்த்து, "யாருங்க இவங்க?" என்று உன்னைக் கேட்டார். "எங்க அக்கா" என்றாய். அவர் ஏறிப் போனபிறகும் "எங்க அக்காங்க" என்று மாடியைப் பார்த்து இன்னொரு தடவை கத்தினாய். ஒரு தடவை போதும். அந்த அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

உன் வாசல் பூட்டு இன்னும் அதேதான். நான் அன்றைக்குத் திறந்த அதே மட்டப் பூட்டு. வேறு எவனையாவது கூப்பிட்டு மாற்றிவிடாதே. சட்டம் செத்த மறுநாள் காலையில் வருகிறேன். கடையைத் திறப்பதற்கு முன்னால் முதல் வேலை அதுதான். தட்ட மாட்டேன், நானே திறந்துகொள்வேன். நீ உள்ளே இருந்தாலும் சரி.

அக்கா